களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேசன் கடை: இணையப் படிவச் சேவை பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில், அச்சு, நிழற்பிரதி, இணைய வேலைகளைச் செய்துகொடுக்கும் கொமினிகேசன் கடைகளைச் சந்திக்குச் சந்தி காணலாம். களுவாஞ்சிகுடியில் பிரதேச செயலகம், நீதிமன்றம், ஆதார வைத்தியசாலை, வங்கிகள் ஆகியன அடுத்தடுத்து அமைந்திருப்பதால் இங்கே அவற்றின் தொகை இன்னும் அதிகம். அவற்றுள் ஒன்றின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கடையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த வீதியிலுள்ள ஏனைய கடைகளுக்கும் பொருந்துவன என்பதால், ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் காட்டுவது நியாயமாகப் படவில்லை. நிறைகளாக நான் சொல்பவற்றை வாசகர்கள் தங்கள் ஊர்க் கடையிலும் கேட்டுப் பெறலாம்.

அரச சேவைகள் இணையத்துக்கு மாறினால் இடையில் நிற்பவர் இல்லாமற்போவார், வீட்டிலிருந்தே அலுவலை முடித்துக்கொள்ளலாம் என்பது, 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பச் சட்டம் வந்து, 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து நாம் கேட்டுவரும் வாக்குறுதியாகும். அதற்காகவே 'அறிவகம்' என்ற பெயரில் கிராமங்களில் நிலையங்களும் திறக்கப்பட்டன. ஆனால் படிவம் கணினிக்குள் போனதும், முன்னொரு காலத்தில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுத்தவரின் இடத்துக்கு இந்தக் கடைக்காரர் வந்துசேர்ந்தார். மனு எழுதியவருக்கு எங்களுடைய கதை மட்டுமே தெரிந்திருந்தது. இவரிடமோ அடையாள அட்டையின் இரு பக்கங்களும், தொலைபேசி இலக்கமும், வங்கிக் கணக்கு இலக்கமும், சில வேளைகளில் கடவுச்சொல்லும்கூட இருக்கின்றன. எனவே தேநீர்க்கடையை மதிப்பிடுவதுபோல விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து இந்தச் சேவையை மதிப்பிட்டுவிட முடியாது.

கடை சிறியது. முன்புறத்தில் நிழற்பிரதி இயந்திரங்களும், உள்ளே மூன்று கணினிகளும், சுவரோரமாக நீளமான வாங்கு ஒன்றும் இருக்கின்றன. இப்போது கடையை நடத்துபவரின் தகப்பனார் இதே இடத்தில் தொலைபேசிக் கூண்டு வைத்திருந்தார். சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்களின் வீட்டார், நிமிடம் காட்டும் கருவியில் ஒரு கண் வைத்தபடி அவசரம் அவசரமாகக் கதைத்துவிட்டுப் போன காலம் அது. ஐஎம்ஓவும் வட்ஸ்அப்பும் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தன. பிறகு இணைய விளையாட்டு, பின்னர் ரீலோட் என்று கடை உருமாறியது. 2022 ஜூலையில் எரிபொருட் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது, தொலைபேசியில் குறியீட்டைக் காட்டத் தெரியாதவர்களும் காட்ட விரும்பாதவர்களுமாக ஊரே அதை அச்சிட்டு லமினேற் செய்ய வரிசையில் நின்றது. இணையப் படிவம் நிரப்புவதையே தொழிலாக நடத்தலாம் என்ற தைரியம் அந்த வரிசையைப் பார்த்த பின்னரே தனக்கு வந்ததாக உரிமையாளர் சொல்கிறார்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டணப் பட்டியல் சுவரில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதுவே பாதி நிம்மதி. சாதாரணமான இணைய விண்ணப்பத்துக்கு 200 ரூபாவும், ஆவணங்களை ஒளிவருடிப் பதிவேற்றவேண்டிய நீளமான விண்ணப்பத்துக்கு 500 ரூபா வரையிலும் வாங்குகிறார்கள். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவுகளில், இணையத்தளம் நெரிசலில் திணறும்போதுகூடக் கட்டணம் கூடுவதில்லை. மின்வெட்டு வந்தால் பாதியில் நிற்கும் விண்ணப்பத்தைக் காப்பாற்றும் அளவுக்கு மின்கலமும், இழைநார் இணைப்பு அறுந்தால் மாற்றாக ஒரு நான்காம் தலைமுறை ரூட்டரும் வைத்திருக்கிறார்கள். வேகத்தில் குறை சொல்ல இடமில்லை.

இந்தக் கடையின் உண்மையான திறமை பெயர்களைக் கையாளும் விதத்தில் தெரிகிறது. இணையப் படிவங்களில் பெரும்பாலானவை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தருகின்றன. எங்களுடைய வழக்கத்தில் தகப்பனின் பெயர் முன்னே வரும், சொந்தப் பெயர் பின்னே வரும். பரம்பரையாகத் தொடரும் குடும்பப்பெயர் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. அதனால் ஒரே மனிதர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் இருப்பார். கந்தசாமி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி' போடுவதா 'ரி எச்' போடுவதா என்பதை அந்தந்த உத்தியோகத்தர் அன்றைய மனநிலைப்படி தீர்மானித்திருப்பார். காகிதக் காலத்தில் கவுண்டரில் இருந்தவர், இரண்டு கந்தசாமியும் ஒருவரே என்பதை ஆளைப் பார்த்து விளங்கிக்கொண்டார். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

இங்கே வேலை செய்யும் இளம்பெண், விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன்பாகவே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். அடையாள அட்டை இலக்கத்தையும் அவர் வாசிக்கிறார் என்றே சொல்லவேண்டும். ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்களாயின் அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததைத் தவிர அடிப்படை அதுதான். ஆகவே பிறப்புச் சான்றிதழிலுள்ள திகதியும் அட்டை இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அவர் அங்கேயே நிறுத்திவிடுகிறார். முரண்பாடு இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பிக் காசை வாங்கிக்கொள்ளாமல், கிராம உத்தியோகத்தரிடமோ, சத்தியக்கடதாசிக்காகச் சமாதான நீதவானிடமோ போகச் சொல்கிறார். கடவுச்சீட்டு விண்ணப்பம் ஒன்று பெயர்ப் பிழையால் திரும்பினால், குடிவரவுத் திணைக்களம் உள்ள பத்தரமுல்லைக்கு இரவு பஸ்ஸில் போய்வரும் செலவும் அலைச்சலும் யாருடையவை என்பதை யோசித்தால், கடை விட்டுக்கொடுக்கும் அந்த 500 ரூபாவின் பெறுமதி விளங்கும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி இடைக்குறிப்பாக ஒன்று. பிறந்த நாளையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்தவுடன் சொல்லிவிடும் ஓர் எண்ணை, நாம் ரீலோட் செய்பவர் முதல் பொதி கொண்டுவருபவர் வரை கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்த் தட்டச்சும் இங்கே நேர்த்தியாக இருக்கிறது. இந்தப் பகுதியில் கடிதமும் மனுவும் தட்டச்சு செய்பவர்களிற் பலர் இன்றும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துகிறார்கள். தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுக்கும்வரை அதனால் கெடுதியில்லை. அதே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே அது திறக்கும். இந்தக் கடையில் அச்சுக்குப் பாமினியையும் இணையத்துக்கு, எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யுனிகோடையும் பிரித்துக் கையாளத் தெரிந்திருக்கிறார்கள். இதன் பயனைத் தகவலறியும் விண்ணப்பங்களில் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், விண்ணப்பத்தை மின்னணு வடிவிலும் அனுப்ப இடமளிக்கிறது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து, குருமண்வெளித் துறையைக் கடந்து வந்து, தங்கள் ஊர் வீதிக்கு ஒதுக்கப்பட்ட பணம் எங்கே போனது என்று கேட்க விரும்பும் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு, பிழையற்ற தமிழில் இரண்டு பத்திகளைத் தட்டச்சு செய்து, அனுப்பியதற்கான சான்றையும் அச்சிட்டுக் கொடுப்பவர் சட்டத்தின் பயனை அவர்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். அரச இணையத்தளங்களின் தமிழ்ப் பக்கங்கள் பல வேளைகளில் பாதியில் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறிவிடும் நிலையில், இந்தக் கடைகளே நடைமுறையில் மொழிபெயர்ப்புத் திணைக்களமாகவும் இயங்குகின்றன. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

பெரும்பாலான இணையச் சேவைகள் விண்ணப்பதாரரின் மின்னஞ்சலைக் கேட்கின்றன. மின்னஞ்சல் இல்லாதவர் வந்தால், கடை தன்னுடைய முகவரியையே இட்டுவிடுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, மேலதிக ஆவணம் கேட்கப்பட்டதா என்ற செய்தியெல்லாம் கடையின் அஞ்சற்பெட்டிக்கே போகும். நாளொன்றுக்கு எத்தனையோ பேருடைய அலுவல்கள் ஒரே பெட்டியில் விழும்போது ஒன்றிரண்டு கண்ணில் படாமற்போவது இயல்பு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றின் விண்ணப்பம் அப்படித்தான் கிடப்பில் கிடந்தது. அது வேறு கடையில் நடந்தது என்றாலும் இங்கும் முறை அதேதான். வாடிக்கையாளரின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொடுத்து அனுப்ப அதிக நேரம் ஆகாது. அதற்கு 100 ரூபா கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ஒருமுறைக் கடவெண்ணான ஓடிபி விடயத்தில் கடை திருந்தியிருக்கிறது. வயதான பெண்மணி ஒருவர் தொலைபேசியை அப்படியே நீட்டி, "நீயே பாத்துப் போடு மனே" என்றபோது, உரிமையாளர் அதை வாங்கவில்லை. "அம்மா, அந்த இலக்கத்த எனக்குச் சொல்ல வேணாம், இந்தப் பலகைய நீங்களே அமத்துங்க" என்று விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அம்மா ஒற்றை விரலால் இலக்கம் இலக்கமாகத் தேடி அமர்த்தி முடிப்பதற்குள் எண்ணின் ஆயுள் முடிந்து, மறுபடியும் ஒன்றை வரவழைக்க வேண்டியிருந்தது. வாங்கில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ அந்தத் தாமதம் கடையின் மிகச் சிறந்த சேவையாகத் தோன்றியது. இணைய வங்கிக் கணக்குகளை இங்கே திறப்பதோ, அவற்றுக்குள் நுழைவதோ இல்லை என்ற அறிவித்தலும் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒளிவருடிய ஆவணங்கள் எங்கே போகின்றன என்பதுதான் கவலைக்குரியது. கணினித் திரையில் மாதவாரியாகப் பெயரிடப்பட்ட கோப்புறைகள் தெரிகின்றன. அவற்றுக்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவுகள், மருத்துவ அறிக்கைகள் என்று இந்தப் பிரதேசத்தின் பாதிக் குடும்பங்களின் விபரங்கள் பூட்டில்லாமல் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்த பின்னர் அதை வைத்திருக்கக்கூடாது என்ற கொள்கையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் பொருந்தும் அந்தக் கொள்கை, அளவிற் சிறியது என்பதற்காக ஒரு கொமினிகேசன் கடையை விட்டுவைப்பதில்லை. சட்டத்தின் நடைமுறைப் பகுதிகளோ பின்போடப்பட்டு, 2025இல் திருத்தப்பட்டு, இன்னமும் எங்கள் வீதிக்கு வந்துசேரவில்லை.

இதைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டேன். அவருடைய பதில் எளிதாகத் தள்ளிவிடக்கூடியதாக இல்லை. ஆட்கள் அடுத்த மாதம் வந்து, அன்றைக்கு எடுத்த பிறப்புச் சான்றிதழின் பிரதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்றும், அழித்துவிட்டேன் என்றால் ஏசுகிறார்கள் என்றும் சொன்னார். யுத்தத்தில் ஒருமுறையும் 2004 சுனாமியில் மறுமுறையும் ஆவணங்களை மொத்தமாகப் பறிகொடுத்த கரையோரம் இது. எங்காவது ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணமே மக்களுக்கு ஆறுதல். அந்த ஆறுதலை மதிக்கிறேன். அதற்காக அந்தப் பிரதி யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய ஒரு கணினியில் இருக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும், அவர்கள் சம்மதத்துடன், கடவுச்சொல் இட்ட தனி இடத்தில் வைத்திருக்கலாம். மற்றவர்களுடையதை அன்றன்றே அழித்துவிடலாம்.

சட்டம் இந்தக் கடைக்குள் இன்னொரு வழியாகவும் நுழைகிறது. நீதிமன்றம் அருகில் இருப்பதால், வட்ஸ்அப் உரையாடல்களை அச்சிட்டுக்கொள்ள வருபவர்கள் நாள்தோறும் இருக்கிறார்கள். கொடுத்த கடனை ஒப்புக்கொண்ட குரல் பதிவு, மிரட்டும் குறுஞ்செய்தி, பிரிந்துபோன கணவன் அனுப்பிய பணத்தின் இரசீது என்று வாழ்க்கையின் கசப்பெல்லாம் திரைப்பிடிப்புகளாக வந்து, ஏ4 தாளில் நான்கு நான்காக அச்சாகின்றன. கணினி வழிச் சான்றுகளுக்கான கதவு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தினால் திறக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தினால் மேலும் அகலமானது. எனினும் திரைப்பிடிப்பில் திகதியும் அனுப்பியவரின் இலக்கமும் வெட்டுப்பட்டிருந்தால் சட்டத்தரணிக்கு அதனால் அதிக உதவி இராது. இங்கே அவை தெரியும்படி அச்சிடுகிறார்கள். மூலச் செய்தியைத் தொலைபேசியிலிருந்து அழிக்கவேண்டாம் என்றும் சொல்லியனுப்புகிறார்கள். யாரோ ஒரு சட்டத்தரணி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அழகுபடுத்துவதற்காகச் செய்தியின் பகுதிகளை நீக்கித் தரும்படி கேட்பவர்களும் வருகிறார்கள். அவர்களைத் திருப்பியனுப்புவதை நானே பார்த்தேன்.

காணி அலுவலையும் இணையத்தில் முடிக்கமுடியுமா என்று கேட்டு வருபவர்கள் ஏமாந்துதான் போகவேண்டும். இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமே காணி விற்பனையையும் இறுதி விருப்பாவணத்தையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. காணி உறுதியைப் பொறுத்தவரை, நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடவேண்டும் என்ற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் ஆட்சி இன்றும் தொடர்கிறது. கடை இதில் உறுதிப் பிரதியை நிழற்பிரதி எடுப்பதோடு நின்றுகொள்கிறது. நிற்கவும் வேண்டும்.

வியாபாரத் துறையில் கடையின் பங்கு சிறியது, ஆனால் வளர்கிறது. களுதாவளையிலும் செட்டிபாளையத்திலும் வீட்டிலிருந்தே கேக்கும் தையலும் விற்கும் பெண்கள், மருதமுனைக் கைத்தறிச் சாரங்களையும் சேலைகளையும் வட்ஸ்அப் குழுக்களில் விற்பவர்கள் ஆகியோருக்கு விலைப்பட்டியலும் பொதிச் சீட்டும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பணம் பெறுவதற்கான லங்காகியூஆர் குறியீட்டை மேசையில் வைப்பதற்கேற்ற அட்டையாகவும் செய்து தருகிறார்கள். வடிவமைப்பு சுமார். எல்லா அட்டையிலும் அதே நீல நிறமும் அதே பூவும்.

வெளிநாட்டு வேலை தேடுபவர்களுக்குச் செய்யும் உதவியே இதைவிடப் பெரிது. முகநூலில் கண்ட வேலை விளம்பரத்தோடு வந்து, முகவருக்கு அனுப்புவதற்காகக் கடவுச்சீட்டை ஒளிவருடச் சொல்பவர்களிடம், முதலில் அந்த முகவர் நிலையத்துக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் தேடிக் காட்டுகிறார்கள். இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கணினி வேலை என்று அழைத்துப்போகப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட செய்திகள் வந்த பின்னர் தொடங்கிய பழக்கம் இது. அதேபோல, சங்கிலித்தொடராக ஆள் சேர்க்கும் பண முதலீட்டுச் செயலிகளைத் தொலைபேசியில் நிறுவித் தரும்படி கேட்பவர்களுக்கு, வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் அத்தகைய பிரமிட் திட்டங்கள் தடைசெய்யப்பட்டவை என்ற மத்திய வங்கியின் அறிவித்தலைக் காட்டுகிறார்கள். கேட்பவர் கேட்கிறார், கேட்காதவர் அடுத்த கடைக்குப் போகிறார்.

அரசியலும் இந்த மேசைக்கு வராமல் இல்லை. 2023இல் அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் பயனாளிகளின் பட்டியல் வெளியாகி, மேன்முறையீடுகளுக்கும் ஆட்சேபனைகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டபோது, தன் பெயர் விடுபட்டதற்காக முறையிட வந்தவரும், பக்கத்து வீட்டாரின் பெயர் இருப்பதை ஆட்சேபிக்க வந்தவரும் ஒரே வாங்கில் அடுத்தடுத்து இருந்தார்கள். வறுமையை யார் அளப்பது என்ற அரசியல் கேள்வி, பதிவேற்றம் முடிகிறதா என்ற தொழினுட்பக் கேள்வியாகச் சுருங்கியதை அங்கே பார்க்க முடிந்தது. யார் யாரை ஆட்சேபித்தார்கள் என்பது கடையிலிருந்து இன்றுவரை வெளியே போகவில்லை. ஊருக்குள் கடை நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின்போது வேட்பாளர்களுக்கான முகநூல் படங்களையும் இங்கே வடிவமைத்தார்கள். துண்டுப்பிரசுரமென்றால் அதன் அடியில் அச்சிட்டவரின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும் இருக்கவேண்டும் என்பது தேர்தல் சட்டங்களின் பழைய விதி. அதே வாசகம் முகநூல் படமாக மாறும்போது அடியில் எவருடைய பெயரும் இருப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி வேட்பாளர்கள், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்ததால், அவர்களுக்கு மட்டும் கடை ஒழுங்காகப் பற்றுச்சீட்டு எழுதிக்கொடுத்தது. சாதாரண வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டு, கேட்டால்தான் கிடைக்கும். விண்ணப்ப இலக்கத்துடன் கூடிய ஒரு சிறு சீட்டு எல்லோருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது என்னுடைய அடுத்த முறைப்பாடு.

வதந்திகளை அச்சிடுவதில்லை என்பதையும் கடை ஒரு விதியாக வைத்திருக்கிறது. எங்கள் பகுதிக்கு இந்த விதியின் அருமை தெரியும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி கிளம்பி, கடைக்காரரைச் சூழ்ந்து நின்று வாக்குமூலம் போலப் பேசவைத்த காணொளி முகநூலில் பரவ, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்தார். மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முகநூல் நிறுவனம் அந்த நாட்களில் தன்னுடைய தளம் வகித்த பங்குக்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கான 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இதேபோல முடக்கம் வந்தது. வாடிக்கையாளர்கள் ஆவணங்களை வட்ஸ்அப்பிலேயே அனுப்புவதால், அந்த நாட்களில் கடையின் பாதி வேலை நின்றுபோனதாம். வதந்தியைத் தடுக்கப் பூட்டிய கதவு, பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் வெளியே நிறுத்தியது. 2024 ஜனவரி 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. பிறரைப் பற்றிய பதிவுகளை வடிவமைத்துத் தர மறுக்கும்போது உரிமையாளர் இப்போது அந்தச் சட்டத்தையே காரணம் காட்டுகிறார். அச்சத்தில் பிறந்த நல்ல பழக்கம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெறும் விமர்சனமாக இருந்த ஒரு பதிவையும் அவர் அதே காரணத்தைச் சொல்லி மறுத்தார்.

மொத்தத்தில், இந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன். பெயர்களிலும் தமிழிலும் காட்டும் கவனத்துக்காகவும், ஓடிபியைத் தொட மறுக்கும் பழக்கத்துக்காகவும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆவணங்களைச் சேமித்துவைக்கும் முறைக்கும் பொது மின்னஞ்சலுக்கும் பாதி மதிப்பெண்கூடக் கொடுக்கமாட்டேன். தட்டச்சு செய்பவரின் திரை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி இன்னொரு திரை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப் பிழைகளில் மீதியும் அத்துடன் தீரும். உரிமையாளர் விலை விசாரித்துவிட்டதாகச் சொன்னார்.

போகிறவர்கள் மூல ஆவணங்களையும், தங்கள் பெயரில் பதிவான சிம் உள்ள தொலைபேசியையும் கொண்டுபோகவும். ஒளிவருடிய கோப்பை அழிக்கும்படி கேட்டால், முகம் சுளிக்காமல் உங்கள் முன்னாலேயே அழிக்கிறார்கள். குப்பைத்தொட்டிக் கோப்புறையையும் காலியாக்கச் சொல்ல மறக்கவேண்டாம். கணக்கு எதுவும் திருடப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால், கடைக்காரரோடு வாக்குவாதப்படுவதற்கு முன்னர் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு நிலையத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் சந்திப்பு நாட்களின் காலை வேளையில் கூட்டம் தாங்காது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போனால், அந்தப் பெண் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும்.